எனக்குக் கேட்காத இரண்டு வரிகள்

எங்கள் சபையின் பாடகர் குழுவை நான் பத்தொன்பது வருஷமாக நடத்துகிறேன். நடத்துகிறேன் என்பது பெரிய வார்த்தை. இழுத்துக்கொண்டு போகிறேன் என்பதுதான் சரி. முன்பு கீபோர்டு வாசித்தவர் மகனோடு வெளிநாட்டுக்குப் போனபோது, வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும் கொஞ்ச நாளைக்கு நீ பார்த்துக்கொள் என்று அப்போதிருந்த போதகர் சொன்னார். அதற்குப் பிறகு ஐந்து போதகர்கள் மாறிவிட்டார்கள். வேறு ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

ஆலயம் ஒரகடம் சந்திப்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. குழுவில் இருபத்திரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அந்த இருபத்திரண்டு பேரையும் ஒரே பயிற்சியில் நான் பார்த்ததே கிடையாது. ஷிப்ட் அப்படி. ஒரு சனிக்கிழமை ஆண்களின் மேல்குரலான டெனர் பாடுபவர்களில் ஒருவர்கூட இருக்க மாட்டார்கள், எல்லோரும் சாயங்கால பி ஷிப்ட். அடுத்த சனிக்கிழமை அவர்கள் வந்து வரிசையாக நிற்பார்கள். பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ பாடுபவர்கள் ஓவர்டைமில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். அதனால் ஒவ்வொரு குரலுக்கும் உரிய மெட்டை நானே பாடிப் பதிவு செய்து வாட்ஸப் குரூப்பில் போட்டுவிடுவேன். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கேட்டுக் கேட்டுப் படித்துக்கொள்வார்கள். பண்டிகை அன்று காலையில்தான் நாலு குரலும் முதல்முறையாக ஒன்றாக நிற்கும். அதுவரைக்கும் எது எங்கே இடறும் என்று எனக்கே தெரியாது. பத்தொன்பது வருஷமாக இதே கதைதான்.

நானும் ஷிப்ட்காரன்தான். கார்களுக்கான தகடுகளை அடித்து வளைக்கும் பிரஸ் ஷாப்பில் இருபத்திரண்டு வருஷம். ஒவ்வொரு அடிக்கும் தரை ஒருமுறை தூக்கிப் போடும். பின்சுவருக்கு அப்பால் ஒரு கம்ப்ரஸர் நாள் முழுக்க ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருக்கும். ஆரம்பத்திலேயே அதை வீட்டுக் கீபோர்டில் தேடிப் பார்த்திருக்கிறேன்: எஃப்புக்குக் கொஞ்சம் மேலே, எஃப் ஷார்ப்புக்குக் கொஞ்சம் கீழே. எனக்கு அதுதான் தம்புரா. தகட்டை வைத்து, பட்டனை அழுத்தி, அடி விழுந்து, எடுத்து அடுக்குவதற்குள் ஒரு வரிக்கு ஆல்டோ போட்டுவிடுவேன். சாப்பாட்டு இடைவேளையில் அதைத் தாளில் எழுதிக்கொள்வேன். எங்கள் குழு பாடும் பாட்டுகளில் பாதிக்கு நாலு குரலும் அந்தக் கம்ப்ரஸர் மேல் நின்று பிறந்தவைதான்.

காதில் செருக ஆரஞ்சு நிறப் பஞ்சு அடைப்பான் கொடுப்பார்கள். அதைச் செருகினால் கம்ப்ரஸரின் சுருதி கேட்காது. சுருதி கேட்காவிட்டால் எட்டு மணி நேரமும் வீண். அதனால் அடைப்பானின் கயிற்றைக் கழுத்தில் மாலை மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு திரிவேன். சேஃப்டி ஆபீசர் வரும்போது செருகுவேன், முதுகைத் திருப்பியதும் பிடுங்குவேன். கூட இருந்தவர்கள் சொல்லாமல் இல்லை. பாட்டுக்காரனுக்குக் காதுதானய்யா மூலதனம், அதைப் போய் மூடச் சொல்கிறீர்களே என்று நான் ஜம்பம் பேசினேன். மூடியிருக்க வேண்டும். அட, இப்போது சொல்லி என்ன.

முதலில் காட்டிக் கொடுத்தது குக்கர். என் மனைவி குழுவில் ஆல்டோ பாடுபவள், அங்கன்வாடியில் வேலை. அவள் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனால், மூன்று விசில் வந்ததும் அணைப்பது என் பொறுப்பு. நான் கூடத்தில் உட்கார்ந்து எண்ணுவேன். ஒரு விசில்கூட வராது, தீய்ந்த வாடைதான் வரும். வெயிட்டு அடைத்துக்கொண்டது என்றேன். புது வெயிட்டு வாங்கினேன். பிறகு கேஸ்கட்டு என்றேன். கடைசியில் குக்கரையே மாற்றினேன். புதுக் குக்கரிலும் பருப்பு தீய்ந்தது. இந்தக் காலத்தில் எவன் ஒழுங்காகப் பொருள் செய்கிறான் என்று திட்டினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அதே சமயத்தில்தான் சொப்ரானோ பாடும் பெண்களோடு எனக்குத் தகராறு தொடங்கியது. பாட்டில் மேல்குரல் அவர்களுடையது. மெட்டே அவர்களிடம்தான் இருக்கும். அது எனக்கு வர வர மங்கலாகக் கேட்டது. சொல் புரியவில்லை. சோற்றை வாயில் வைத்துக்கொண்டு பாடுவது போல இருந்தது. கத்திப் பாடுங்கள் என்றேன். பாடினார்கள். இன்னும் என்றேன். ஆலய மின்விசிறிகள் கடகடவென்று ஓடும்; அந்தச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது, அதற்கு மேலே நிற்க வேண்டிய குரல்தான் கேட்கவில்லை. ஊரெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து இங்கே தூங்குகிறார்கள் என்று நினைத்தேன். நானும் வேலை பார்த்துவிட்டுத்தானே வருகிறேன்! காலும் இடுப்பும் கடுக்க, சட்டையில் ஆயில் வாடையோடு வந்து நிற்கிற எனக்கு இல்லாத களைப்பா என்று ஆத்திரம். யாராவது மைக் சரியில்லை, கீபோர்டு சத்தம் அதிகம் என்று சொன்னால், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒரே போடாகப் போடுவேன். அந்தப் பழமொழிக்கு அப்போது நான்தான் சொந்தக்காரன் மாதிரி.

போன வருஷம், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு ஒரு மாதம் இருக்கும்போது நடந்தது இது. அறுப்பு என்று பெயர்தான். நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்குப் போய்ப் பல வருஷம் ஆயிற்று. காணிக்கைப் பூசணியும் கரும்பும் கோயம்பேட்டிலிருந்து வேனில் வருகின்றன. ஆனாலும் பண்டிகை பண்டிகைதான், பாட்டு பாட்டுதான். அந்த வருஷப் பாட்டை நானே எழுதியிருந்தேன். நடுவில் இரண்டு வரி, ஒரே ஒரு சொப்ரானோ குரல், கீபோர்டு கிடையாது, தாளமும் கிடையாது. விருத்தம் பாடுகிற மாதிரி, பாடுபவர் தன் மூச்சுக்கு இழுத்து நிறுத்திப் பாட வேண்டும். அது முடிந்த கணத்தில் நாலு குரலும் சேர்ந்து விழ வேண்டும். பிரஸ் முன்னால் நின்று அதை நினைத்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

அந்த இரண்டு வரிக்கு யார் என்று கேட்டபோது, மற்ற சொப்ரானோக்கள் எல்லோரும் ஒரே பெண்ணைத்தான் காட்டினார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். முப்பது வயது இருக்கும். செல்போன் கம்பெனியில் லைனில் நிற்கும் வேலை. வல்லம் வடகாலில் இன்னும் மூன்று பெண்களோடு ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தாள். ஊர்ச் சபையிலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு வந்து எட்டு மாதம் முன்புதான் சேர்ந்திருந்தாள். மெலிந்த, அடக்கமான பெண். அன்று காலை ஏ ஷிப்ட் முடித்து, சாப்பிடாமல், நேராகப் பயிற்சிக்கு வந்திருந்தாள்.

பாடச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். வாய் அசைந்தது. எனக்கு மின்விசிறிதான் கேட்டது. இன்னொருமுறை என்றேன். இன்னொருமுறையும் அசைந்தது. எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு எரிச்சல் வந்ததோ, எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"வாய மட்டும் அசைக்காதம்மா. இது இன்னா, போன்ல வீடியோ எடுக்குற எடமா?"

"பாடத்தான சார் செய்யுதேன்" என்றாள்.

"எனக்கே கேக்கல. கர்த்தருக்கு இன்னா கேக்கும்?"

கீழ்க்குரலான பேஸ் பாடும் ஆண்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். என் மேல் இருந்த பயத்தில் சிரித்த சிரிப்பு. அவள் நோட்டை மூடினாள். முகம் சிவக்கவும் இல்லை, அழவும் இல்லை. பயிற்சி முடிகிற வரைக்கும் கடைசி வரிசையில் போய் வாயை மூடிக்கொண்டு நின்றாள், பிறகு எல்லோருக்கும் முன்னால் வெளியே போனாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. ஞாயிறு ஆராதனைக்கும் வரவில்லை.

வீட்டுக்கு ஸ்கூட்டரில் திரும்பும்போதே என் மனைவி சொன்னாள், அந்தப் பெண் பாடினாள், தனக்கு நன்றாகக் கேட்டது, அழகாகவும் இருந்தது என்று. உனக்கு இரக்கம் அதிகம், அதனால் கேட்டிருக்கும் என்று அவள் வாயை அடைத்தேன். தப்பு மேல் தப்பு. அந்த இரண்டு வரிகளை எல்லா சொப்ரானோக்களும் சேர்ந்து பாடட்டும் என்று மாற்றிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து எங்கள் கம்பெனியில் வருஷாந்திர மெடிக்கல் செக்கப். கண், ரத்தம், எடை எல்லாம் முடித்துக் கடைசியில் காது. ஒரு சின்னக் கண்ணாடி அறை. உள்ளே உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, ஒலி கேட்கும்போதெல்லாம் அழுத்தச் சொன்னார்கள். முதலில் தடித்த ஒலிகள் வந்தன, அழுத்தினேன். சுருதி ஏற ஏற அழுத்தினேன். பிறகு ஒன்றுமே வரவில்லை. காத்திருந்தேன். வெளியே இருந்த பெண் கருவியைத் திருகிக்கொண்டே இருந்தாள். நான் கண்ணாடியைத் தட்டி, மெஷின் நின்றுவிட்டது, பாருங்கள் என்றேன். அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். மெஷின் ஓடுது சார் என்று உதட்டை அசைத்தாள். அந்த உதட்டசைவைப் பார்த்ததும் கையிலிருந்த பட்டனை மடியில் வைத்துவிட்டேன்.

டாக்டர் ஒரு தாளைக் காட்டினார். பாதி வரைக்கும் நேராகப் போன கோடு சட்டென்று கீழே இறங்கிக் கிடந்தது. கனமான சத்தம் கேட்கும், மேல் சத்தம் கேட்காது, ச, ஷ, ஸ மாதிரி எழுத்துகள் காதில் விழாது, இது பிரஸ் ஷாப் காது என்றார். பெண்கள், குழந்தைகள் மெல்லப் பேசினால் புரிகிறதா என்று கேட்டார். போனது திரும்ப வராது, மிச்சத்தைக் காப்பாற்றலாம், கருவி வைத்துக்கொள்ளலாம், வேறு ஷாப்புக்கு மாற்ற எழுதித் தருகிறேன் என்றார். நான் குக்கரை நினைத்தேன். சொப்ரானோக்களை நினைத்தேன். பிறகு அந்த ஒருத்தியை நினைத்தேன். கூடம் கோணல், கூடம் கோணல் என்று ஊரையே சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

உடனே போய் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையில் எனக்குக் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சியிருக்கும். சொல்லவில்லை. பயம். காது கேளாதவன் பாடகர் குழுவை நடத்துகிறான் என்று தெரிந்தால் கமிட்டி ஒரு ஞாயிறுகூட வைத்திருக்காது. எனக்கு அந்த வேலை பிடிக்கிறதா என்று கேட்டால், பல வருஷமாக அலுத்துக்கொண்டேதான் செய்கிறேன். ஆனால் பிடுங்கிக்கொள்வார்கள் என்றால் விட மனசில்லை. அடுத்த பயிற்சியில் சொப்ரானோக்களின் உதட்டைப் பார்த்தேன், விலா ஏறி இறங்குவதைப் பார்த்தேன், கேட்கிற மாதிரி தலையாட்டினேன். ஒரு மணி நேரத்தில், இரண்டு ஷிப்ட் சேர்ந்து பார்த்த மாதிரி களைத்துப் போனேன்.

மனைவியிடம் அன்று சொன்னேன். "தெரியுங்க" என்றாள். அவ்வளவுதான். பிறகு, அந்தப் பெண்ணைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், வண்டியை எடுங்கள் என்றாள்.

ஞாயிறு மத்தியானம் வல்லம் வடகாலுக்குப் போனோம். அவளுக்கு அந்தப் பதினைந்து நாளும் சி ஷிப்ட், ராத்திரி வேலை; தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பிவிட்டோம். கண் சிவந்து வந்து நின்றாள். வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள், தான் உட்காரவில்லை. நான் டாக்டர் கொடுத்த தாளை எடுத்துக் காட்டி, தப்பு என் காதுடையது, உன் குரலுடையது இல்லை, மன்னித்துக்கொள் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"லைன்ல வாயத் தெறக்க ஏலாது சார். வாரத்துல ஒருநா பாட்டுக்குத்தான் தெறப்பேன். அதையும் மூடச் சொல்லிட்டிய."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

"அன்னைக்கு எல்லார் முன்னாலயும் சொன்னிய. இத மட்டும் ஒத்தையில வந்து சொல்லுதிய."

அவள் காபி போட்டுக் கொடுத்தாள், குடித்தோம், திரும்பினோம். வழியில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. அதற்குப் பின்னால் வண்டியை நிறுத்திக்கொண்டு, இந்த வயதில் இதையெல்லாம் செய்துதான் ஆக வேண்டுமா என்று யோசித்தேன். செய்துதான் ஆக வேண்டும். அந்தப் பெண் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிசகில்லை. நான் அடித்த இடம் ஒன்று, மருந்து போடப் போன இடம் இன்னொன்று.

பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை. அன்று பதினாலு பேர் வந்திருந்தார்கள். சபைச் செயலாளரும் பந்தல் அளக்க வந்து பின்னால் நின்றிருந்தார். அவர் போகட்டும் என்று முதலில் நினைத்தேன். பிறகு, இருக்கட்டும் என்று ஆரம்பித்துவிட்டேன். கீபோர்டை அணைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

"அன்னிக்கு அந்தப் பொண்ணு பாடிச்சு. எனக்குத்தான் காது கேக்கல. ரெண்டு வருசமா கேக்கல. உங்க எல்லாரையும் திட்டுனதும் அதனாலதான்."

மின்விசிறி ஓடியது. சிரித்த இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். சொப்ரானோக்களில் மூத்தவள், மணிமங்கலத்திலிருந்து வருகிறவள், தொண்டையைச் செருமினாள்.

"ரெண்டு வருசமா கத்திக்கினு கீறோம் மாஸ்டர். தொண்டையே பூடுச்சு. இனிமே சாதாரணமா பாடலாமா?"

பாடுங்கள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பயிற்சி முடிந்து வெளியே வரும்போது செயலாளர், பண்டிகை முடியட்டும், கமிட்டியில் பேசுவோம் என்றார். கமிட்டியில் பேசுவோம் என்றால் என்ன அர்த்தம் என்று பத்தொன்பது வருஷத்தில் எனக்குத் தெரியும். சரி என்றேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தவன் விடிகிற வரைக்கும் ஒரே தூக்கமாகத் தூங்கினேன்.

அன்று நான் சொன்னதை யார் அந்தப் பெண்ணுக்குச் சொன்னார்களோ தெரியாது. நான் சொல்லவில்லை, என் மனைவியும் சொல்லவில்லை என்கிறாள். பண்டிகை அன்று காலையில் பலிபீடத்துக்கு முன் பூசணிகளை அடுக்கி, கரும்புகளைத் தூணில் கட்டி முடித்த நேரத்தில், சி ஷிப்ட் முடிந்து நேராக, கம்பெனிச் சீருடைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு அவள் வந்து நின்றாள். ஒரு பயிற்சிக்குக்கூட வரவில்லையே, பாட்டு தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். வாட்ஸப் குரூப்பை விட்டு நான் போகவே இல்லை, பதிவை எல்லாம் பஸ்ஸில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் என்று அவளாகச் சொன்னாள். சிரிக்கவில்லை. சொப்ரானோ வரிசையில் அவளுக்கு இடம் விட்டார்கள்.

பாட்டு தொடங்கியது. இருபத்திரண்டில் பத்தொன்பது பேர் இருந்தார்கள்; அதுவே அதிசயம். டெனர் ஒரு இடத்தில் முந்தினார்கள், பேஸ் இழுத்துச் சரி செய்தார்கள். நடுவில் அந்த இரண்டு வரி வந்தது. நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன். சொப்ரானோக்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கையைக் காட்டினேன். மற்றவர்கள் பாடவில்லை. அவர்களுக்குள் பேசி வைத்திருக்கிறார்கள். எல்லோரும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நேராகப் பார்த்து நிற்க, அவள் மட்டும் கண்ணை மூடி வாயைத் திறந்தாள்.

வாய் அசைந்தது. எனக்கு மின்விசிறி கேட்டது.

நானே எழுதிய வரிகள். ஒவ்வொரு ஸ்வரமும் எனக்குத் தெரியும். அவள் எந்த ஸ்வரத்தில் நிற்கிறாள் என்றுதான் தெரியவில்லை. முன்வரிசையில் மடியில் குழந்தையை வைத்திருந்த ஒருவர் அதைத் தட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். போதகர் கையிலிருந்த தாளைக் கீழே இறக்கினார். அவள் உதடு மூடியது. முடித்துவிட்டாளா, மூச்சு எடுக்கிறாளா? தாளமில்லாத இடம், எண்ணவும் வழியில்லை. அவள் முடிப்பதற்கு முன்னால் நான் கையைத் தூக்கினால் பதினெட்டு பேரும் அவள் மேல் வந்து விழுவார்கள். இரண்டாம் முறையாக அவள் வாயை நான் மூடியதாகிவிடும்.

ஆல்டோ வரிசையில் நின்ற என் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் உதடு மறுபடி திறந்தது. நான் கையைக் கீழேயே வைத்திருந்தேன். மறுபடி மூடியது. என் மனைவி இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, தலையை ஒருமுறை அசைத்தாள்.

கையைத் தூக்கினேன்.